வாயைத் திறந்து பார்க்க ஆளில்லையா?

நகரத்துப் பல் வைத்தியசாலைகளில் புதிய கருவிகள் வந்திருக்கின்றன. ஒன்று நீல ஒளி வீசும் விளக்கு. அந்த ஒளியில் வாயின் நல்ல சதை பச்சையாக மினுங்கும். கெட்ட இடம் இருண்டு தெரியும். இன்னொன்று நீலச் சாயம். சந்தேகத்துக்குரிய இடத்தில் அது அழுத்தமாக ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது சிறு தூரிகை. புண்ணின் மேல் அதைத் தேய்த்து, ஒட்டி வரும் அணுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். கைபேசியில் வாயைப் படமெடுத்துத் தூரத்திலுள்ள நிபுணருக்கு அனுப்பும் முறையும் வந்துவிட்டது. அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரே பார்த்துப் பிரித்துச் சொல்லும் முறையைச் சோதித்து வருகிறார்கள். வாய்ப்புற்றை முளையிலேயே கண்டுபிடிப்பதுதான் இவை அனைத்தின் நோக்கம்.

விஞ்ஞானத்தின் இந்த வளர்ச்சியை நாம் வரவேற்கிறோம். வரவேற்கும்போதே ஒன்று கேட்கிறோம். இரவு ஷிப்டில் ரிங் பிரேம் அருகே நிற்கும் தொழிலாளியின் வாயையும், சேற்றில் இறங்கி நாற்று நடும் பெண்ணின் வாயையும் இந்த விளக்கு என்றைக்காவது எட்டிப் பார்க்குமா?

இந்த நோய் யாரைத் தின்கிறது என்று பாருங்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,43,000-க்கு மேற்பட்டவர்களுக்கு உதட்டிலோ வாயிலோ புற்று கண்டது. அதே ஆண்டில் சுமார் 80,000 பேர் அதனால் மாண்டார்கள். நமது நாட்டு ஆண்களுக்கு வரும் புற்றுகளில் முதலிடம் இதற்குத்தான். மாண்டவர்களில் பெரும்பாலோர் உழைத்துப் பிழைத்தவர்கள்.

காரணம் தெரியாத நோயல்ல இது. புகையிலையும் பாக்கும் மதுவும் இதன் வேர்கள். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று அதே நிறுவனம் 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் தெளிவாகக் கூறியிருக்கிறது. "நான் வெற்றிலை பாக்குதானே போடுகிறேன், புகையிலை தொடுவதில்லையே" என்று ஆறுதல் கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உழைப்பாளியைப் பார்த்து "ஏனப்பா மெல்லுகிறாய்?" என்று உபதேசம் செய்வது சுலபம். பஞ்சு பறக்கும் இடத்தில் பீடி பற்ற வைக்க முடியாது. ஆகவே புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறார்கள். இரவெல்லாம் கண் விழிக்க வேண்டும், மெல்லுகிறார்கள். கதிர் அறுக்கும் வெயிலில் பசியை மறக்க வேண்டும், மெல்லுகிறார்கள். இதைப் புரிந்துகொண்டுதான் பேசுகிறோம். புரிந்துகொண்டே சொல்லுகிறோம்: விட்டுவிடுங்கள், தோழர்களே. பசியை மறக்கடிக்கும் பொட்டலம் வீட்டுக்காரனையே விழுங்கிவிட்டால், மிஞ்சியவர்களின் பசியை யார் தீர்ப்பது?

இந்த நோய் ஒரே நாளில் வருவதில்லை. பெரும்பாலும் முன்கூட்டியே அடையாளம் காட்டுகிறது. கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், நாக்கில் தடிப்பு, கழுத்தில் கட்டி, வாயைத் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவை அந்த அடையாளங்கள். மூன்று விரல்களை நிமிர்த்தி வாய்க்குள் நுழைக்க முடியவில்லையென்றால் அலட்சியம் கூடாது. முக்கியமான விஷயம், ஆரம்பத்தில் வலி இருக்காது. வலியில்லாத புண்ணுக்காக ஒரு நாள் கூலியை யார் இழப்பார்கள்? வலி வந்தபின் போகிறார்கள். அதற்குள் புற்று தாடையிலும் கழுத்திலும் இறங்கிவிடுகிறது. ஆரம்பத்தில் வந்தவருக்குச் சிறு அறுவையோடு முடிந்திருக்கும். பிந்தி வந்தவருக்குத் தாடையை எடுக்கிறார்கள், கதிர்வீச்சு கொடுக்கிறார்கள், அப்படியும் பலர் பிழைப்பதில்லை.

ஆரம்பத்தில் கண்டுபிடிக்க விலையுயர்ந்த இயந்திரம் இல்லாமல் முடியாதா? முடியும். நமது அண்டையிலேயே, கேரளத்தில், அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளில் 1990-களின் நடுவில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 35 வயதுக்கு மேற்பட்ட சுமார் 1,91,000 பேர் அதில் அடங்குவர். ஏழு பஞ்சாயத்துகளில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைப் பார்த்தார்கள். அவர்கள் டாக்டர்களல்ல; பட்டம் படித்த சாதாரண இளைஞர்கள். வெளிச்சமும் கண்ணும் விரலும்தான் அவர்களுடைய கருவி. மற்ற ஆறு பஞ்சாயத்துகளில் வழக்கமான வைத்திய வசதி மட்டும் இருந்தது. 2005-ல் முடிவு வெளியாயிற்று. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. திரும்பத் திரும்பப் பரிசோதனைக்கு வந்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம் என்பதை 2013-ல் வெளியான தொடர் அறிக்கை காட்டியது.

அப்படியானால் புதிய கருவிகள் வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கருவியின் எல்லையை அறிய வேண்டும். நீல விளக்கில் சாதாரண வாய்ப்புண்ணும் இருண்டு தெரியலாம். சாயம் ஒட்டியதெல்லாம் புற்றல்ல, ஒட்டாததெல்லாம் நல்லதுமல்ல. சந்தேகத்துக்குரிய இடத்தைத் தீர்மானிக்க இந்த விளக்கையும் சாயத்தையும் நம்ப வேண்டாம், ஒரு துண்டுச் சதையை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கமே 2017-ல் தன் உறுப்பினர்களுக்குச் சொன்னது. விளக்கைக் காட்டிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, சதைச் சோதனைக்கு வழி சொல்லாமல் அனுப்புவது வைத்தியமல்ல, வியாபாரம்.

கைபேசிப் படமோ நமக்கு உதவக்கூடியது. கிராமத்துச் சுகாதார ஊழியர் படமெடுத்தால், நகரத்து நிபுணர் அன்றே பார்த்துச் சொல்ல முடியும். கர்நாடகத்தில் இம்முறையை நடத்திப் பார்த்திருக்கிறார்கள். வீண் பஸ் செலவும் வீண் அலைச்சலும் மிஞ்சும். ஆனால் படத்தின் மறுமுனையில் டாக்டர் இருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் சதைச் சோதனையும் சிகிச்சையும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் வெறும் படம்தான்.

30 வயதுக்கு மேற்பட்ட அனைவரின் வாயையும் ஐந்தாண்டுக்கொரு முறை பார்க்க வேண்டுமென்று மத்திய சர்க்கார் 2016-லேயே திட்டம் வகுத்தது. நடந்தது என்ன? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ளவர்களில் ஒரு முறையாவது வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவர்தான்! நாடு முழுதும் 300-க்கு மேல் பல் வைத்தியக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான இளம் பல் டாக்டர்கள் வெளிவருகிறார்கள். பார்க்கத் தெரிந்த கண்கள் ஒருபுறம், பார்க்கப்படாத வாய்கள் மறுபுறம். இரண்டையும் சேர்த்து வைப்பது யார் பொறுப்பு?

நாம் கோருவது இதுதான். ஆலைகளிலும் ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் ஆண்டுக்கொரு முறை வாய்ப் பரிசோதனை நடக்க வேண்டும். அதை வேலை நேரத்திலேயே, கூலி பிடிக்காமல் நடத்த வேண்டும். நோய் கண்டதைக் காரணம் காட்டி எவரையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது. ஈ.எஸ்.ஐ. இல்லாத விவசாயக் கூலிகளுக்கு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடிச் சென்றார்களே, அதைப் போலவே வீடு தேடி வந்து வாயையும் பார்க்க வேண்டும். மெல்லும் பழக்கமும் குடிப்பழக்கமும் உள்ளவர்களை முதலில் பார்க்கட்டும். சதைச் சோதனை இலவசமாக நடக்க வேண்டும். முடிவு தாமதமில்லாமல் வர வேண்டும். பெரியாஸ்பத்திரிக்குப் போகும் நாட்களின் பஸ் செலவையும் கூலி நஷ்டத்தையும் சர்க்கார் ஏற்க வேண்டும்.

சர்க்கார் வரும்வரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. மாதம் ஒரு நாள், கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் வைத்துக்கொண்டு உதடு, கன்னம், ஈறு, நாக்கின் இரு பக்கம், நாக்கின் அடி ஆகியவற்றைப் பாருங்கள். கணவனுக்கு மனைவி பார்க்கட்டும். தாய்க்கு மகள் பார்க்கட்டும். சங்கக் கிளைகள் அருகிலுள்ள பல் வைத்தியக் கல்லூரியை அணுகி, ஆலை வாசலிலும் சேரியிலும் முகாம் நடத்தச் சொல்லட்டும். இரண்டு வாரம் ஆறாத புண் உள்ள தோழர் எவராயினும், தயங்கினாலும் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு நாள் கூலி போகும், உயிர் நிற்கும்.