பூச்சாண்டி காட்டியது போதும்

குடியிருப்புப் பகுதியில் செல்போன் டவரே கூடாதாம். பள்ளிக்கூடத்திலிருந்து 500 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டுமாம். மாநகராட்சி உடனே தடை போட வேண்டுமாம். இப்படி வாதாடுகிறவருக்கு டவரைப் பற்றியும் தெரியவில்லை, மாநகராட்சியின் நிலைமையும் தெரியவில்லை. இரண்டும் தெரியாமல் இவ்வளவு உரக்கப் பேச முடிவது ஒரு திறமைதான்.

அந்த 500 மீட்டரை எடுத்துக்கொள்வோம். டவரைச் சுற்றி வட்டம் போட்டு, உள்ளே இருப்பவன் செத்தான், வெளியே இருப்பவன் பிழைத்தான் என்கிறார். ஆன்டெனாவிலிருந்து அலைகள் ஏறக்குறையக் கிடைமட்டமாக, சற்றே கீழே சாய்ந்து போகின்றன. அதன் காலடியில் உள்ள ஓட்டு வீட்டைவிட, நேர் எதிரே அதே உயரத்தில் இருக்கும் மாடிக்குத்தான் கூடுதலாகப் போய்ச் சேரும். தொலைத்தொடர்புத் துறை மாநிலங்களுக்குத் தந்த வழிகாட்டுதல் இதை வைத்துத்தான் கணக்குப் போட்டது: எதிரே உள்ள கட்டடத்துக்கு 2 ஆன்டெனா என்றால் 35 மீட்டர், 12 என்றால் 75 மீட்டர். டவர் தள்ளிப் போனால் இன்னொன்றும் நடக்கும். சிக்னல் குறையக் குறைய, கையிலிருக்கும் போன் தன் சக்தியை ஏற்றிக்கொள்ளும். பிள்ளைகளைக் காப்பாற்றக் கிளம்பியவர், அவர்கள் காதோரம் இருக்கும் கருவியை முழு மூச்சில் ஓடவைக்க வழி சொல்கிறார்!

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-இல் ரேடியோ அலைகளை ‘2பி’ பட்டியலில் சேர்த்ததை அவர் பிரம்மாஸ்திரமாக வீசுகிறார். ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற அளவிலான பட்டியல் அது. கற்றாழை முழு இலைச் சாறும் அதில் இருக்கிறது. அந்த முடிவுக்கு அடிப்படையாக இருந்தது முக்கியமாகக் காதில் வைத்துப் பேசும் போன் பற்றிய ஆய்வுகள். மொட்டை மாடி டவர் அல்ல. இந்தியாவோ 2012 செப்டம்பர் 1 முதல் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கைத்தான் அனுமதித்தது: 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட். சந்தேகமென்றால் அரசின் ‘தரங் சஞ்சார்’ தளத்தில் 4,000 ரூபாய் கட்டி அளக்கச் சொல்லலாம். டவர் சிட்டுக்குருவியை அழிக்கிறது என்ற கதைக்கு ‘2.0’ படம் போதும். 2020-இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கையோ, பெருநகரங்களில் குறைந்தாலும் நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி நிலையாகவே இருக்கிறது என்றது.

இதெல்லாம் அறியாமை, மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது, இவர்கள் போட்ட கூச்சலில் அமுங்கிப்போன விஷயங்கள். பழைய கட்டடத்தின் மொட்டை மாடி அந்தப் பாரத்தைத் தாங்குமா? கரண்ட் போனால் உறுமும் டீசல் ஜெனரேட்டரின் சத்தமும் புகையும் யார் வீட்டு ஜன்னலுக்குள் போகும்? வாடகை ஒருவருக்கு, தொல்லை பக்கத்து வீட்டுக்காரருக்கு என்றால் அவரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? உள்ளாட்சி கேட்க வேண்டியவை இவைதான். கேட்கும் அதிகாரம்தான் கழன்றுகொண்டே வந்தது. டவர் நிறுவுவதற்கான 2016 விதிகளின்படி, 60 நாளில் பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கணக்கானது. 2022 ஆகஸ்டில் வந்த திருத்தம், தனியார் இடத்தில் வைக்க அனுமதியே தேவையில்லை என்றது. தகவல் சொல்லி, பொறியாளர் தந்த கட்டமைப்புச் சான்றிதழின் நகலைக் கொடுத்தால் போதும் என்றானது. டவருக்குச் சொத்து வரி போடலாம் என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உள்ளாட்சிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 2023 தொலைத்தொடர்புச் சட்டமோ, ஒரு சொத்தின்மேல் நிறுவிய தொலைத்தொடர்பு வலையமைப்பு சொத்து வரி உட்பட எதற்கும் அந்தச் சொத்தின் பகுதியாகாது என்று எழுதிவைத்தது.

இவை ஒவ்வொன்றாக வந்தபோது நம் போராளி எங்கே இருந்தார்? புற்றுநோய்த் துண்டறிக்கை விநியோகித்துக்கொண்டிருந்தார். நிறுவனங்களுக்கு இதைவிட வசதியான எதிரி கிடைக்க மாட்டார். கதிர்வீச்சு என்றால் வரம்புக்குள் இருக்கிறது என்று ஒரு தாளை நீட்டினால் வேலை முடிந்தது. பல உயர் நீதிமன்றங்கள் வெறும் கதிர்வீச்சு அச்சத்தை நம்பி வந்த மனுக்களை ஏற்கவும் இல்லை. 2012-இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனைகளிலிருந்து டவர்களை அகற்றச் சொன்னதை மட்டும் இன்னும் எத்தனை காலம் நகலெடுத்துக்கொண்டிருப்பார்? அடுத்த மனுவில் அந்தக் கட்டமைப்புச் சான்றிதழைக் கேட்கட்டும். யார் கையெழுத்துப் போட்டார், கட்டடத்தை நேரில் வந்து பார்த்தாரா என்று கேட்கட்டும். அதற்குப் பதில் சொல்லத்தான் நிறுவனங்கள் திணறும்.