டைரியை யாரிடம் கொடுப்பது?

சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு தில்லிக்கு ரயிலேறிய தலைமுறையை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. என் தந்தையும் அவர்களில் ஒருவர். அதிகாரியின் மேஜை டைரி அவர் கையில்தான் இருக்கும். யாருக்கு எத்தனை மணி, யாரை மறுநாள் வரச் சொல்வது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் அதிகாரியின் வீட்டு விஷயம் எதுவும் அதில் இராது. அதற்கு அவருடைய சட்டைப் பையில் வேறொரு சிறிய டைரி இருந்தது.

இன்று இரண்டு டைரிகளும் ஒன்றாகிவிட்டன. வினையே அங்குதான்.

சென்ற ஆண்டு எனக்கு வெளியூர்ப் பயணம் அதிகம். அலுவலகக் கணினியில் என் காலெண்டரைக் கவனிக்கும் உரிமையைச் சக ஊழியர் ஒருவரிடம் கொடுத்தேன். கெட்டிக்காரர். ஒரே நேரத்தில் இரண்டு கூட்டங்கள் என்ற தொல்லை ஒரு வாரத்தில் தீர்ந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்கு, மனைவியின் பயாப்ஸி முடிவை வாங்கப் போவதை அதில் குறித்திருந்தேன். அந்த நேரத்துக்கு வந்த கூட்டத்தை நண்பர் தள்ளி வைத்தார். கேட்டவர்களிடம் காரணத்தையும் சொல்லிவிட்டார். கேன்டீனில் மூன்று பேர் நலம் விசாரித்தார்கள். ஒருவர் வீட்டுக்கே போன் செய்துவிட்டார். தன் தாயாரிடம்கூடச் சொல்லாதிருந்த என் மனைவி, "என் சமாசாரத்தை உங்க ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டீங்களா?" என்று கேட்டாள். பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்தது. அந்தக் கேள்விக்குத்தான் இன்னும் என்னிடம் பதில் இல்லை.

நண்பர் மீது குற்றமில்லை. எதையெல்லாம் காட்டுகிறோம் என்று பாராமல் கொடுத்தவன் நான்தான்.

அதற்காக யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் தானே பிடித்துக்கொண்டிருப்பவர் ஊரில் இல்லாத நாளில் அலுவலகமே தவிக்கும். கொடுக்கலாம், அளவறிந்து கொடுக்க வேண்டும்.

கூகுள் காலெண்டரில் இதற்குப் படிகள் உண்டு. நமக்கு ஒழிவு உண்டா என்று மட்டும் பார்ப்பது ஒன்று. விவரங்களையும் பார்ப்பது அடுத்தது. மாற்றங்கள் செய்வது அதற்கும் மேல். மாற்றும் உரிமை பெற்றவருக்கு, நாம் 'பிரைவேட்' என்று குறித்தவையும் தெரியும். பலர் இதை அறிவதில்லை. அவுட்லுக்கில் பொறுப்பை ஒப்படைக்கும்போது, தனிப்பட்ட குறிப்புகளையும் அவர் பார்க்கலாமா என்பதை நாம் தனியே முடிவு செய்யலாம். பாஸ்வேர்டை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். அது கடிதப் பெட்டியையும் சேர்த்துத் திறந்துவிடும். அவர் செய்வதெல்லாம் நாம் செய்ததாகவே பதிவாகும். பொறுப்பு மாறும் நாளில், கொடுத்த உரிமையைத் திரும்பப் பெறவும் மறக்கக் கூடாது.

இப்போது வீட்டு விஷயத்துக்கு 'வெளி வேலை' என்று மட்டுமே குறிக்கிறேன். விவரம் சட்டைப் பையிலுள்ள சிறிய டைரியில் இருக்கிறது. நண்பரிடமும் பேசினேன்: "அவருக்கு அந்த நேரம் ஒழிவில்லை என்று சொன்னால் போதும், காரணம் வேண்டாம்." அவர் வருந்தினார், புரிந்துகொண்டார்.

தம் அதிகாரி எங்கே போகிறார், யாரைப் பார்க்கிறார் என்று என் தந்தை வீட்டில் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அந்த ஒழுங்கைக் கணினியில் எந்தப் பொத்தானும் தராது. நாம்தான் வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும்.