ரத்தம் ஏற்றும்போது முதல் 15 நிமிடம் ஏன் முக்கியம்? பச்சைமலை மக்கள் கவனிக்க வேண்டியது என்ன?

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது தமிழ்நாட்டையே உலுக்கியது. அது பரிசோதனையில் நடந்த தவறு. ஆனால் நன்கு பரிசோதித்த ரத்தமும் ஆள் மாறி ஏறினால் ஆபத்துதான். அதைத் தடுக்கும் கடைசிக் காவல், கட்டில் அருகே நிற்கும் செவிலியர்.

எப்படிச் சரிபார்க்க வேண்டும்?

"நீங்கதானே இன்னார்?" என்றால் மயக்கத்திலும் "ஆமா" என்பார்கள். "உங்க பேரு என்ன?" என்பதே சரியான கேள்வி. பெயர், ரத்தப் பிரிவு, பை எண், காலாவதி தேதியை இருவர் பார்க்க வேண்டும்.

15 நிமிடக் கணக்கு ஏன்?

பிரிவு மாறினால் சில மில்லி ரத்தமே உடலைத் தாக்கும். அதனால்தான் முதலில் மெதுவாக ஏற்றி, செவிலியர் அருகிலேயே இருந்து காய்ச்சல், நாடித்துடிப்பு, பி.பி., மூச்சைப் பார்க்கிறார். ஒரு பை ரத்தம் 4 மணி நேரத்துக்குள் ஏறி முடிய வேண்டும்.

எப்போது குரல் கொடுக்கணும்?

குளிர் நடுக்கம், இடுப்பு வலி, மூச்சுத்திணறல், அரிப்பு வந்தால் உடனே சொல்லுங்கள். ரத்தத்தை நிறுத்தி, ஊசியை எடுக்காமல் புது டியூப்பில் சலைன் போட்டு, டாக்டரை அழைப்பார்கள். ரத்தப் பை மறுபரிசோதனைக்கு ரத்த வங்கிக்குப் போகும்.

மலைக்குத் திரும்பிய பிறகு?

சில பாதிப்புகள் நாட்கள் கழித்தும் வரும். துறையூரிலோ திருச்சியிலோ ரத்தம் ஏற்றிக்கொண்டு பச்சைமலைக்குத் திரும்பியவருக்குக் காய்ச்சல், மஞ்சள் காமாலை, சிறுநீர் கறுத்துப் போவது தெரிந்தால், "தானா சரியாயிடும்"னு காத்திருக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சீட்டோடு உடனே கீழே இறங்குங்கள். அவசரம் என்றால் 108-ஐ அழையுங்கள்.