பாராட்டு போதும், வார்டுக்கு ஆள் போடுங்கள்

செவிலியர் வேலைக்குப் பொறுமையும் இரக்க மனமும் இருந்தால் போதும், மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். மே 12 உலகச் செவிலியர் நாளன்று மேடைகளில் பேசப்படுவதும் இதுதான்: தாயுள்ளம், தியாகம், வெள்ளுடை தேவதை. கேட்க இதமான இந்தப் புகழ்ச்சி அந்தத் தொழிலுக்குப் பெரிய கெடுதல் செய்திருக்கிறது. மனசு இருந்தால் யாரும் செய்துவிடக்கூடிய வேலை என்று முடிவுகட்டிவிட்டால், அதற்குச் சம்பளத்தைக் குறைக்கலாம், ஆளைக் குறைக்கலாம், ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்திலேயே வைத்திருக்கலாம். தமிழ்நாட்டில் இந்த மூன்றும் நடந்துகொண்டிருக்கின்றன.

சிசேரியன் முடிந்து வார்டுக்கு வந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். இரவு 11 மணிக்குப் பல்ஸ் 88. ஒரு மணிக்கு 104. அடுத்த அரை மணியில் 116. பி.பி. சரியாகவே இருக்கிறது. “கொஞ்சம் படபடப்பா இருக்கு சிஸ்டர்” என்கிறாள். தூக்கம் இல்லாததால்தான் என்று துணைக்கு இருக்கும் அம்மா நினைக்கிறார். ஆனால் கட்டிலோரம் தொங்கும் சிறுநீர்ப் பையில் சேர வேண்டிய அளவு சேரவில்லை. இளம் உடம்பு ரத்தப்போக்கை வெகுநேரம் வெளிக்காட்டாமல் தாக்குப்பிடிக்கும், பி.பி. இறங்கத் தொடங்கும்போது நிலைமை கைமீறிக்கொண்டிருக்கும். இது தெரிந்த செவிலியர் போர்வையை விலக்கிப் பார்க்கிறார், வயிற்றில் கைவைத்துக் கருப்பை தளர்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார், டூட்டி டாக்டரை எழுப்புகிறார். காலையில் உறவினர்கள் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அது சரிதான், அவர் காப்பாற்றினார். ஆனால் அவரை அந்த நேரத்துக்கு அங்கே வரவழைத்தது ஒரு பல்ஸ் கணக்கும், அதற்கு என்ன பொருள் என்று தெரிந்த ஒருவரும்தான். டாக்டர் வார்டில் இருப்பது ரவுண்ட்ஸ் நேரத்தில். மற்ற நேரமெல்லாம் நோயாளிக்கும் ஆபத்துக்கும் நடுவே நிற்பவர் செவிலியர்.

“டாக்டர் எழுதுவதை இவர்கள் போடுகிறார்கள், அவ்வளவுதானே” என்பது இன்னொரு எண்ணம். இன்சுலினையே பாருங்கள். நம் நாட்டில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்சு; ஒன்றுக்குச் சிவப்பு மூடி, மற்றதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் ஏற்றினால் நோயாளிக்குப் போவது இரண்டரை மடங்கு. பொட்டாசியம் குளோரைடைக் கலக்காமல் நேரே நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். டாக்டரே அவசரத்தில் அளவை மாற்றி எழுதினாலும், ஊசி உடம்புக்குள் போகும் முன்பு அதைக் கண்டுபிடிக்கக்கூடிய கடைசி ஆள் செவிலியர். இதெல்லாம் அன்பால் வருவதில்லை. மூன்று ஆண்டு டிப்ளமோவோ நான்கு ஆண்டு பட்டமோ படித்து, அதன்பின் வார்டில் உழன்று வருவது.

துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, பெட்பேன் வைப்பது போன்ற வேலைகளைத்தான் பலர் மிகவும் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். அந்த வேலைகள் எவ்வளவு பெரியவை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பணியாற்றிய செவிலியர் அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அங்கேயே கொடூரமாகத் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்டார். 2015 மே மாதம் இறக்கும்வரை அதே மருத்துவமனையின் செவிலியர்கள், தலைமுறை மாறியும், அவரைப் பராமரித்தார்கள். அசைய முடியாமல் முப்பத்தேழு ஆண்டுகள் கிடந்த உடம்பில் ஒரு படுக்கைப்புண்கூட இல்லாதது 2011இல் உச்ச நீதிமன்றத்தின் முன்வைக்கப்பட்டது. நீதிமன்றம் அந்தச் செவிலியர்களை மனம்திறந்து பாராட்டியது. வீட்டில் பக்கவாதத்தில் படுத்த பெரியவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும், முதுகின் அடியில் தோல் சிவக்க எத்தனை நாள் போதும் என்று. இரண்டு மணிக்கொரு முறை புரட்ட வேண்டும், எங்கே எலும்பு துருத்துகிறதோ அங்கே அழுத்தம் விழாமல் தாங்கல் வைக்க வேண்டும், தோலின் ஈரத்தையும் சாப்பாட்டின் புரதத்தையும் கவனிக்க வேண்டும். அந்தப் புண்ணில் தொற்று ஏறி ரத்தத்தில் கலந்தால் சாவு. ‘சாதாரண வேலை’ என்று இதை ஒதுக்கியவர் இதைச் செய்துபார்க்காதவர்.

ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளி என்ற கேள்விக்கு நல்லெண்ணம் விடை சொல்லாது. ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. லிண்டா எய்க்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது: ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் முப்பது நாளுக்குள் இறக்கும் அபாயம் 7 சதவீதம் கூடியது. 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோதும் அதே 7 சதவீதம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016இல், பகலில் ஒரு செவிலியருக்கு நான்கு நோயாளி, இரவில் ஏழு என்று வரம்பு வைத்தது. அதை மதிப்பிட்டு 2021இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வின்படி, இறப்பு குறைந்தது, மறுபடி மருத்துவமனையில் சேர்வது கூடவில்லை, படுக்கையில் கிடக்கும் நாள் குறைந்தது. மிச்சமான பணம், கூடுதல் செவிலியருக்கு ஆன செலவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நிதி இல்லை என்று கைவிரிப்பவர்கள் இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும்.

நம் நாட்டிலும் அளவுகோல் இல்லாமல் இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைப் பொது வார்டில் மூவருக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் ஐவருக்கு ஒருவர் என்கிறது இந்தியச் செவிலியர் மன்றத்தின் வரையறை. நைட் டூட்டி நேரத்தில் ஒரு அரசு மருத்துவமனை வார்டுக்குள் போய் வந்தவர் எவரும் இதை நம்பமாட்டார். கட்டில் போதாமல் தரையிலும் பாய் விரித்திருக்கும் வார்டில் ஒருவரோ இருவரோ ஓடிக்கொண்டிருப்பார்கள். “சிஸ்டர் எரிந்து விழுகிறார்” என்று மக்கள் வருத்தப்படுவதில் நியாயம் இருக்கிறது. பிரசவ அறையில் வலியில் துடிப்பவளை ஏசுவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது, அதற்கு நடவடிக்கை வேண்டும். ஆனால் டிரிப்ஸ் தீர்ந்ததைச் சொல்ல மூன்றாவது முறை வரும் உறவினரிடம் அவர் சீறுவதற்குக் காரணம், அந்நேரம் அவர் கையில் இருபது பேரின் மருந்து இருப்பது.

இந்த வேலைக்குத் தமிழ்நாடு அரசு கொடுத்த மரியாதை என்ன? 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களைத் தேர்வு வைத்து எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்று சொல்லப்பட்டது. 2017 நவம்பரில் சென்னையில் சுகாதாரத் துறை இயக்குநரகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தபோது அந்த வாக்கு காற்றில் போயிருந்தது. பின்னர் தொகுப்பூதியம் 14,000, 18,000 என்று ஏறியது, ஒரு பகுதியினர் நிரந்தரமானார்கள். மற்றவர்கள் பக்கத்து மேசையில் அதே டூட்டி பார்க்கும் நிரந்தரச் செவிலியரின் சம்பளத்தில் சிறு பங்கை வாங்கிக்கொண்டு காத்திருந்தார்கள். கொரோனா காலத்தில் பிபிஇ உடைக்குள் வியர்த்து வேலை பார்த்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. நாடே அவர்களுக்காகக் கைதட்டி அப்போது மூன்று ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை.

தனியாரில் நிலைமை இன்னும் மோசம். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது, இருநூறு படுக்கைக்கு மேற்பட்ட இடங்களில் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் வேண்டும் என்று 2016இலேயே பரிந்துரைத்துவிட்டது. கேரளச் செவிலியர்கள் போராடி 2018இல் அந்த 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக்கும் அரசாணையைப் பெற்றார்கள். இங்கே பத்து, பன்னிரண்டாயிரத்துக்கு வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வேறு இடம் போகாமலிருக்க அசல் சான்றிதழை வாங்கிப் பூட்டிவைக்கும் நிர்வாகங்களும் இருக்கின்றன. சில மாதப் பயிற்சி முடித்த பிள்ளைகளுக்கு வெள்ளை உடை மாட்டி ‘சிஸ்டர்’ ஆக்கிவிடும் இடங்களும் உண்டு. நோயாளிக்கு வித்தியாசம் தெரியாது, பில்லில் செவிலியர் கட்டணம் மட்டும் முழுதாக இருக்கும். இவர்களின் மதிப்பு அரசுக்குத் தெரியாமலும் இல்லை: தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே செவிலியர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிவைக்கிறது. அங்கே லட்சத்தில் சம்பளம் வாங்கப்போகிறவர் இங்கே பார்த்ததும் இதே வேலைதான்.

செய்ய வேண்டியவை கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்தான் தனியார் மருத்துவமனைகள் பதிவு பெறுகின்றன. செவிலியர் எண்ணிக்கையையும் குறைந்தபட்ச ஊதியத்தையும் அந்தப் பதிவின் நிபந்தனையாக்க வேண்டும். செவிலியர் உடையில் இருப்பவர் எல்லோரும் படிப்பும் செவிலியர் கவுன்சில் பதிவு எண்ணும் உள்ள அட்டையை அணிய வேண்டும். ஒவ்வொரு வார்டு வாசலிலும், அந்த ஷிப்டில் எத்தனை நோயாளி, எத்தனை செவிலியர் என்று எழுதிய பலகை தொங்க வேண்டும், அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும். ஒப்பந்தத்தில் இருப்போரின் பட்டியலை மூப்பு வரிசைப்படி வெளியிட்டு, எந்த மாதம் எத்தனை பேர் நிரந்தரமாவார்கள் என்று சுகாதாரத் துறை தேதி போட்டுச் சொல்ல வேண்டும். புதிய மருத்துவமனைக் கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டும் அமைச்சரிடம், அதற்கு எத்தனை செவிலியர் பணியிடம் உருவாக்கி ஆணை வந்திருக்கிறது என்று அந்த மேடையிலேயே சட்டமன்ற உறுப்பினர்களும் செய்தியாளர்களும் கேட்க வேண்டும்.