பெர்ல் மொழியைத் தூக்கி எறியலாமா?

அப்பா சேர்த்து வைத்திருந்த குறுந்தட்டுப் பாடல்களை எல்லாம் கணினியில் ஏற்றி, ராஸ்பெர்ரி பை எனும் சின்னக் கணினி வழியாக வரவேற்பறையில் ஒலிக்க வைத்திருக்கிறேன். அதில் ஓடுவது லைரியன் மியூசிக் சர்வர். இலவச மென்பொருள், அதன் மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். ஒருநாள் நானும் திறந்து பார்த்தேன். எல்லாம் பெர்ல்!

பலதுறைத் தொழிற்கல்லூரியில் எனக்குப் பைத்தனும் ஜாவாவும் சொல்லித் தந்தார்கள். 1987இல் வந்த பெர்லை என் வகுப்பில் ஒருவரும் தொட்டதில்லை. சிக்கலே அங்குதான். ஸ்லிம் டிவைசஸ் தொடங்கிய இந்த மென்பொருள், 2006இல் அந்நிறுவனத்தோடு லாஜிடெக்கின் கைக்குப் போனது. லாஜிடெக் 2012இல் ஸ்குவீஸ்பாக்ஸ் கருவிகளைக் கைவிட்டது. 2024இல் அவற்றுக்கான இணையச் சேவையையும் மூடியது. இன்று லைரியன் என்ற புதுப்பெயரில் அதைக் காப்பாற்றி வருபவர்கள் ஆர்வலர்கள். பெர்ல் தெரிந்த இளையர் வராவிட்டால், அவர்களுக்குப் பிறகு யார்?

மொத்தத்தையும் புது மொழியில் எழுதிவிடலாமே என்றுதான் எனக்கும் தோன்றியது. கோ மொழியில் எழுதப்பட்ட நாவிட்ரோம் எனும் இசைச் சேவையகம் அந்த ஆசையைக் கூட்டுகிறது. ஆனால் லைரியனுக்குப் பலரும் எழுதிச் சேர்த்த செருகுநிரல்கள் பெர்லை நம்பியே இருக்கின்றன. அடிப்படை மொழியை ஒரேயடியாக மாற்றினால் அவை அத்தனையும் முடங்கிவிடும். பழைய ஸ்குவீஸ்பாக்ஸ் கருவிகளுடன் பேசத் தெரிந்ததும் இதே நிரல்தான்.

நாவிட்ரோமிடமிருந்து நான் கற்றது வேறொன்று. ஜாவாவில் எழுதப்பட்ட சப்சோனிக் வகுத்த தொடர்பு முறையை அது அப்படியே ஏற்றுக்கொண்டது. அதனால் சப்சோனிக்கிற்காக உருவான கைப்பேசிச் செயலிகள் அதிலும் ஓடுகின்றன. மொழி மாறியது, செயலிகள் பிழைத்தன. லைரியனைச் சுற்றியும் இது நடந்துவருகிறது. பாடலை ஒலிக்கச் செய்யும் ஸ்குவீஸ்லைட் சி மொழியில் எழுதப்பட்டது. மெட்டீரியல் ஸ்கின் எனும் திரைமுகப்பில் பெரும்பகுதி ஜாவாஸ்கிரிப்ட்.

ஆக, தொடர்பு முறையைக் கட்டிக்காத்து, பகுதி பகுதியாக மாற்றுவதே என் தேர்வு. பாடல் கோப்புகளைத் தேடிப் பட்டியலிடும் பகுதி ஏற்கெனவே தனி நிரல்தான். முதலில் அதில் கை வைக்கலாம். எந்த மொழியில்? வேகத்திற்குக் கோ. ஆனாலும் நான் பைத்தனையே சொல்வேன். அது தெரிந்த மாணவர்கள் ஏராளம். பட்டியலிடச் சில நிமிடம் கூடினால் குடி முழுகிவிடாது.

மாற்றுவதற்கும் முதலில் பழையதைப் படிக்கத் தெரிய வேண்டுமே! நூலகத்தில் ஒரு பெர்ல் புத்தகம் இரவல் வாங்கியிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் டாலர் குறிகள்.