மன்னிப்பு வேற, மைக் வேற

வானொலியில் ஒருத்தர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். கேட்டவர்கள் கொதித்துப்போய் நிற்கிறார்கள். அவரும் மன்னிப்புக் கேட்டுவிட்டார். இனி அவரை வேலையில் இருந்து தூக்க வேணுமா, வேண்டாமா?

இந்தக் கேள்வி எங்கே எழும்பினாலும் கதை ஒரே தடத்தில்தான் ஓடும். "பகிடிக்குச் சொன்னதை ஏன் பெரிசாக்குறீங்கள்?" என்று ஒருத்தர் கேட்பார். "ஆள் சொறி சொல்லிட்டார்தானே, விடுங்கோ" என்று இன்னொருத்தர். "அப்ப கருத்துச் சுதந்திரம் எங்க போச்சு?" என்று மூன்றாவது ஆள். இந்த மூன்றையும் வைத்து யோசிக்க நல்லதொரு உதாரணம், 2007இல் அமெரிக்காவில் நடந்த டொன் ஐமஸ் விவகாரம். பழைய கதைதான். ஆனால் அதுக்குப் பிறகு என்னென்ன நடந்தது என்பதும் எங்களுக்குத் தெரியும் என்பதால், ஆறுதலாக இருந்து பார்க்கலாம்.

ஐமஸ் சின்ன ஆள் இல்லை. நாற்பது வருடத்துக்குக் கிட்ட மைக்குக்கு முன்னால் இருந்தவர். அவருடைய காலை நிகழ்ச்சி நியூயோர்க்கில் இருந்து சீபிஎஸ் வானொலி ஊடாகப் பல மாநிலங்களுக்குப் போனது. எம்எஸ்என்பிசி தொலைக்காட்சி அதை அப்படியே நேரடியாகக் காட்டியது. செனட்டர்களும் பேர்போன ஊடகவியலாளர்களும் வந்து கதைத்துவிட்டுப் போகிற இடம் அது.

2007 ஏப்ரல் 3ஆம் திகதி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான பெண்கள் கூடைப்பந்து இறுதிப் போட்டி நடந்தது. நியூ ஜேர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணி, டெனசி அணியிடம் 59க்கு 46 என்று தோற்றது. தோற்றாலும் அது பெரிய விஷயம். பருவத் தொடக்கத்தில் அடுத்தடுத்துத் தோற்று, ஒரு போட்டியில் 40 புள்ளி வித்தியாசத்தில் அடிவாங்கிய அணி அது. அந்தத் தொடரின் இறுதிப் போட்டிக்கு அவர்கள் வந்ததே அதுதான் முதல் தடவை. பத்துப் பேரில் எட்டுப் பேர் கறுப்பின மாணவிகள். ஐந்து பேர் முதலாம் வருடம்.

அடுத்த நாள் காலை ஐமசும் அவருடைய தயாரிப்பாளரும் அந்தப் போட்டியைப் பற்றிக் கதைத்தார்கள். விளையாட்டை விட்டுவிட்டு, அந்தப் பிள்ளைகள் பச்சை குத்தியிருந்ததைப் பற்றியும் அவர்களின் தோற்றத்தைப் பற்றியும் கதை போனது. கறுப்பினத்தவரின் சுருள் முடியைப் பழிக்கிற ஒரு சொல்லையும், விபசாரி என்று பொருள்படுகிற ஒரு தெருச் சொல்லையும் ஒன்றாக ஒட்டி, ஐமஸ் அந்த மாணவிகளுக்குப் பட்டம் வைத்தார். இரண்டு நாள் கழித்து மன்னிப்புக் கேட்டார். 9ஆம் திகதி இரண்டு கிழமை இடைநிறுத்தம் என்று அறிவித்தார்கள். 10ஆம் திகதி அந்த மாணவிகள் தங்கள் பயிற்சியாளர் விவியன் ஸ்ரிங்கரோடு பத்திரிகையாளர்களுக்கு முன்னால் வந்து இருந்தார்கள். 11ஆம் திகதி எம்எஸ்என்பிசி நிகழ்ச்சியை நிறுத்தியது. 12ஆம் திகதி சீபிஎஸ் அவரை வேலையில் இருந்து நீக்கியது. மொத்தம் எட்டு நாள்.

என்னைக் கேட்டால், நீக்கியது சரி. ஆனால் நீக்கிய விதத்தில் ஒரு கள்ளம் இருக்கிறது. முதலில் ஏன் சரி என்று சொல்கிறேன்.

பகிடி என்ற வாதத்தை எடுப்போம். பல்கலைக்கழகத்தில் இருக்கிற எங்களுக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. ராகிங்குக்கு எங்கட தமிழ் வைத்திருக்கிற பெயரே பகிடிவதை. சீனியர் சொல்வது பகிடி. ஜூனியருக்கு அது வதை. அந்த இரண்டு பேருக்கும் இடையில் என்ன வித்தியாசம்? ஒருத்தர் திருப்பிச் சொல்லலாம், மற்றவரால் ஏலாது. அவ்வளவுதான். சரிக்குச் சரியாக நின்று இரண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் நக்கல் அடித்தால் அது பகிடி. ஒருத்தரிடம் நாடு முழுக்கக் கேட்கிற மைக்கும், மற்றவரிடம் அடுத்த கிழமைப் பரீட்சைக் கவலையும் மட்டும் இருந்தால் அது வேறு சாமான்.

ஐமஸ் பெரிய ஆட்களையும் நக்கல் அடித்தவர்தான். அதற்கு அவர்கள் அதே நிகழ்ச்சிக்கு வந்து பதில் சொல்ல முடிந்தது. ரட்கர்ஸ் பிள்ளைகள் பொதுவாழ்க்கைக்கு வந்தவர்கள் இல்லை. அவர்கள் செய்த ஒரே குற்றம் இறுதிப் போட்டிவரை வந்தது. ஸ்ரிங்கர் அன்று தன் மாணவிகளைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொன்னார்: பாடசாலையில் முதலாவதாக வந்தவர்கள், இசை தெரிந்தவர்கள், மருத்துவராக வர நினைப்பவர்கள். அதைச் சொல்லித் தங்களை மனிசர் என்று நிரூபிக்க வேண்டிய நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்து விட்டதுதான் அந்தப் "பகிடி" செய்த வேலை. கொண்டாட வேண்டிய கிழமையில் அவர்கள் விளக்கம் கொடுத்துக்கொண்டு இருந்தார்கள்.

"றாப் பாடல்களிலும் இதே சொற்கள் இருக்கே?" என்றும் அப்போது நிறையப் பேர் கேட்டார்கள். ஓம், இருக்கிறது. அந்தப் பாடல்களைக் கறுப்பினப் பெண்களே கடுமையாக விமர்சித்தும் இருக்கிறார்கள். அதுக்காக ஐமசை விட வேணும் என்று ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் குப்பை கொட்டுகிறார் என்பது நான் கொட்டுவதற்கான அனுமதி இல்லை.

இனி "சொறி சொல்லிட்டார்தானே" என்ற வாதம். இந்த விவகாரத்தில் எனக்கு முக்கியமாகப் படுகிற இடம் இதுதான். அந்த மாணவிகள் ஐமசை நீக்கச் சொல்லிக் கேட்கவே இல்லை. ஸ்ரிங்கரே அதைத் தெளிவாகச் சொன்னார். சீபிஎஸ் அவரை நீக்கிய அதே நாள் இரவு, நியூ ஜேர்சி ஆளுநரின் உத்தியோகபூர்வ இல்லத்தில் அந்த அணி ஐமசை நேருக்கு நேர் சந்தித்தது. அடுத்த நாள் அவருடைய மன்னிப்பை ஏற்றுக்கொள்வதாக அறிவித்தார்கள்.

இதைக் காட்டி, "பாத்தீங்களா, பாதிக்கப்பட்ட ஆக்களே மன்னிச்சிட்டினம், பிறகு எதுக்கு வேலையைப் பறிச்சவை?" என்று கேட்கிறவர்கள் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். மன்னிப்பு என்பது காயப்பட்டவரின் கையில் இருக்கிற ஒன்று. கொடுக்கலாம், கொடுக்காமல் விடலாம், வேறு எவரும் அவர்களுக்காக அதைக் கொடுக்க ஏலாது. ஆனால் மைக்கை அந்த மாணவிகள் கொடுக்கவில்லை. நிறுவனம் கொடுத்தது. இவரிடம் இந்த மைக் இனியும் இருக்கலாமா என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியதும் நிறுவனம்தான். பாடசாலை வான் ஓட்டுகிறவர் வெறியில் வண்டியைக் கொண்டுபோய் மதிலில் அடித்தால், பிள்ளைகளின் பெற்றோர் பெருந்தன்மையாக மன்னிக்கலாம். அதுக்காக அடுத்த நாள் காலை அவரிடமே திறப்பைக் கொடுப்போமா?

இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. "அவர்கள் மன்னித்தால் சரி" என்று சொல்லும்போது, ஒருத்தருடைய வேலை இருக்குமா போகுமா என்ற பாரத்தைப் பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகளின் தலையில் ஏற்றுகிறோம். மன்னிக்காவிட்டால் அவர்கள் கல்நெஞ்சுக்காரர். மன்னித்தால் விஷயம் முடிந்தது. பகிடிவதை முறைப்பாடுகளிலும் இதே கூத்துத்தான் நடக்கும். "அவன்ர எதிர்காலத்தை யோசி, முறைப்பாட்டை வாபஸ் வாங்கு" என்று ஜூனியரிடம்தான் போய்க் கெஞ்சுவார்கள்.

மூன்றாவது வாதம் கருத்துச் சுதந்திரம். இலங்கையில் இருந்து எழுதுகிற ஒருத்தியாக இதைக் கவனமாகத்தான் தொட வேணும். வாயைத் திறந்ததற்கு, எழுதியதற்கு அரசு என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். "நவரசம்" என்ற கவிதைத் தொகுப்பை எழுதிய அஹ்னாப் ஜசீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி, 2021 டிசம்பரில்தான் பிணையில் வெளியே வந்தார். சிறுகதை எழுதியதற்காகச் சக்திக சத்குமார 2019இலும், மேடை நகைச்சுவைக்காக நதாஷா எதிரிசூரிய 2023இலும் ஐசிசிபிஆர் சட்டத்தின் கீழ் கைதானார்கள். இதைத்தான் கருத்துச் சுதந்திர மறுப்பு என்று சொல்ல வேணும்.

ஐமசுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பொலிஸ் வரவில்லை, அரசு வழக்குப் போடவில்லை, மறியல் இல்லை. அவர் நினைத்ததை எங்கேயும் சொல்லலாம், எழுதலாம். ஒரு தனியார் நிறுவனம் "எங்கட மைக்கில் வேண்டாம்" என்று சொன்னது, அவ்வளவே. கதைப்பதற்கான உரிமை எல்லாருக்கும் உண்டு. சம்பளத்தோடு, ஒலிபரப்புக் கோபுரத்தோடு, காலைநேர இடத்தோடு கதைப்பது உரிமையில் வராது. அது ஒரு பதவி. இந்த வித்தியாசத்தை நாங்கள் விட்டுவிட்டால், நாளைக்கு ஒரு கவிஞரை உள்ளே போடும்போது "அவங்கள் அறிவிப்பாளரைத் தூக்கேல்லையா, அது மாதிரித்தான் இதுவும்" என்று அரசே எங்களுக்குச் சொல்லும்.

இனிக் கள்ளத்துக்கு வருவோம்.

ஐமஸ் அப்படிக் கதைத்தது அதுதான் முதல் தடவையா? இல்லை. கறுப்பின ஊடகவியலாளர் குவென் ஐஃபில், நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகைக்காக வெள்ளை மாளிகைச் செய்திகளைச் சேகரித்த 90களில், ஐமஸ் தன்னைத் துப்புரவு வேலைக்காரி என்று சொல்லி நக்கல் அடித்ததாக அந்தக் கிழமையில்தான் எழுதினார். அவ்வளவு காலமும் இந்த வாய்க்காகத்தான் ஐமசுக்குச் சம்பளம் கிடைத்தது. சீபிஎஸ் அவரோடு செய்திருந்த ஒப்பந்தம் சுமார் 40 மில்லியன் டொலர் பெறுமதியானது. சர்ச்சையாக, மரியாதை பார்க்காமல் கதைக்கிற ஆள் என்று தெரிந்துதான் எடுத்தோம் என்று அந்த ஒப்பந்தத்திலேயே இருப்பதாக அவருடைய சட்டத்தரணி சுட்டிக்காட்டினார்.

அப்படியென்றால் அந்த எட்டு நாளில் என்ன மாறியது? புரொக்டர் அண்ட் காம்பிள், ஜெனரல் மோட்டர்ஸ், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் என்று விளம்பரதாரர்கள் ஒவ்வொருத்தராகக் கழன்றார்கள். என்பிசி ஊழியர்கள் உள்ளுக்குள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அது நல்ல விஷயம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முதலில் கொடுத்த தண்டனை இரண்டு கிழமைதான் என்பதை மறக்கக் கூடாது. ஏப்ரல் 9ஆம் திகதி அந்தச் சொல் இரண்டு கிழமைக்குப் பெறுமதியாக இருந்தது. விளம்பரங்கள் போனதும் அதே சொல் வேலை நீக்கத்துக்குப் பெறுமதியானது. சொல் மாறவில்லை, கணக்கு மாறியது.

முடிவு என்ன? ஓகஸ்ட் மாதம் ஐமசும் சீபிஎஸ்ஸும் ஒப்பந்தப் பிணக்கைப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். டிசம்பர் 3ஆம் திகதி ஐமஸ் வேறொரு நியூயோர்க் வானொலியில் திரும்பவும் காலை நிகழ்ச்சி தொடங்கினார். அவரைப் போலவே நீக்கப்பட்ட தயாரிப்பாளரும் வந்து சேர்ந்தார். 2018 வரை அந்த நிகழ்ச்சி ஓடியது. எட்டு மாதம்கூட வெளியில் இருக்காத ஒருத்தரின் வாழ்க்கையை அழித்துவிட்டார்கள் என்று அழுவதில் அர்த்தமில்லை. அதே நேரம், அவரைத் தூக்கியதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று கைதட்டுவதிலும் அர்த்தமில்லை. அறிவிப்பாளர் போனார், இரண்டு கிழமைதான் என்று முதலில் தீர்ப்பெழுதிய மேசை அப்படியே இருந்தது.

எங்கட பக்கம் பாருங்கள். தமிழ் எஃப்எம்களின் காலை நிகழ்ச்சிகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மலையகத் தமிழையோ மட்டக்களப்புத் தமிழையோ கதைத்துக் காட்டிச் சிரிக்கிறது, ஃபோன் எடுத்த பிள்ளையின் நிறத்தையும் உடம்பையும் பற்றிக் கேட்கிறது, யாரோ ஒரு கடைக்காரரை ஃபோனில் ஏமாற்றிப் பதற வைக்கிறது, இதெல்லாம் எங்களுக்குப் புதிதில்லை. பஸ்ஸில் எல்லாருமாகச் சிரித்துமிருக்கிறோம். அந்த அலைவரிசை அறிவிப்பாளருடைய வீட்டுச் சொத்தும் இல்லை, முதலாளியின் சொத்தும் இல்லை. 1997இல் ஒலி, ஒளிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்த எங்கட உயர் நீதிமன்றமே அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று சொல்லியிருக்கிறது. அதாவது அந்தச் சிரிப்புக்கான இடத்தைக் கொடுத்தவர்களில் நாங்களும் உண்டு, ஃபோன் எடுத்து அவமானப்பட்ட அந்தப் பிள்ளையும் உண்டு.

அதனால் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு நிலையமும் எதைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே எழுதி, நேயர்கள் பார்க்கக்கூடிய மாதிரி வைக்க வேணும். முறைப்பாடு செய்ய ஒரு வழி இருக்க வேணும். சின்னப் பிழைக்கு எச்சரிக்கை, திரும்பத் திரும்ப வந்தால் மைக் இல்லை. அதுவும் பெயர் தெரியாத பிள்ளை ஒன்றின் இனத்தையோ சாதியையோ உடம்பையோ வைத்து அவமானப்படுத்தினால், விளம்பரதாரர் வாய் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த நிகழ்ச்சிக்குச் சரி சொன்ன முகாமையாளரும் அதே மேசைக்கு முன்னால் வந்து இருந்து பதில் சொல்ல வேணும்.

இனி எங்கேயாவது ஒரு அறிவிப்பாளர் மாட்டுப்பட்டால், "ஆளைத் தூக்கு" என்று எழுதுங்கோ, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதுக்குக் கீழ இன்னொரு வரியையும் சேர்த்து எழுதுங்கோ: இவ்வளவு நாளும் இதைக் கேட்டுக்கொண்டிருந்து இவருக்குச் சம்பளம் போட்டது ஆர்?