எம்டன் எறிந்த இரவும் எழுபதின்மர் ஊரும்

திருவாலங்காட்டு ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு தேநீர்க் கடை. சென்ற மாதம் ஒரு திருமண விழாவில் பேசிவிட்டு, சென்னைக்கு வண்டி வரும்வரை அங்கே அமர்ந்திருந்தோம். பேரனைக் கணக்குப் பார்க்க விட்டிருந்தார் கடைக்காரப் பெரியவர். நாம் நீட்டிய நூறு ரூபாய்த் தாளுக்கு அந்தச் சிறுவன், எதிரே பலகையில் அமர்ந்திருந்த நான்கு பேர் குடித்ததையும் சேர்த்துக் கழித்துக்கொண்டு மீதி தந்தான். பெரியவர் சிரித்தார். "பய சரியான எம்டன் சார், கிட்ட நெருங்க முடியாது!" என்றார்.

"எம்டன் என்றால் என்ன ஐயா?" என்று கேட்டோம்.

"கெட்டிக்காரன். யாருக்கும் பிடிகொடுக்காதவன். எங்கப்பா என்னை அப்படித்தான் திட்டுவாரு" என்றார் அவர். பேரனோ, "அது ஒரு படம், தாத்தா!" என்று திருத்தினான். அவன் சொன்னதிலும் உண்மை உண்டு. 2006இல் 'எம்டன் மகன்' என்று பெயர் சூட்டிய படத்தை, தமிழ்ப் பெயருக்குக் கிடைக்கும் வரிவிலக்கை எண்ணி 'எம் மகன்' என்று மாற்றினார்கள். நூறாண்டுக் காலம் தமிழன் நாவிலே புழங்கிய சொல், வரிக்கணக்கு என்று வந்தவுடன் அயல்மொழிச் சொல்லாகிவிட்டது!

எம்டன் ஒரு கப்பல். ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை, இரவு ஒன்பதரை மணி அளவில் அது சென்னைக்கு எதிரே வந்து நின்றது. கப்பலுக்கு இருந்த புகைபோக்கிகள் மூன்று. நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நட்டு, ஆங்கிலேயர் கப்பல் போல வேடமிட்டு வங்கக் கடலிலே வலம் வந்த வஞ்சகக் கப்பல் அது. உலகப் போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் சென்னை நகரம் விளக்குகளை அணைக்கவில்லை. உயர்நீதிமன்றக் கட்டடத்தின் மேலிருந்த கலங்கரை விளக்கம் சுழன்று சுழன்று, "இதோ சென்னை, இதோ சென்னை" என்று பகைவனுக்கு வழி காட்டிக்கொண்டிருந்தது. எம்டன் தன் தேடுவிளக்கைப் போட்டது. கடற்கரையில் நின்ற பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் தெரிந்தன. சுட்டது. 125க்கு மேற்பட்ட குண்டுகள். இரண்டு தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கரையிலிருந்த பீரங்கிகளும் சுட்டன. எம்டனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

சூரியன் மறையாத பேரரசு என்றார்களே, அந்தப் பேரரசின் முகத்திலே பட்ட அடி அது. கப்பல் தலைவன் கார்ல் ஃபான் முல்லர் அந்த நோக்கத்தை மறைக்கவும் இல்லை. இந்திய மக்களின் கண்முன்னே ஆங்கிலேயர் மதிப்பைக் குறைக்க வேண்டும், அவர்கள் வாணிபத்தைக் கலக்க வேண்டும் என்பதே தன் எண்ணம் என்று எழுதினான். எண்ணியது நடந்தது. அடுத்த நாள் முதல் சென்னை காலியாகத் தொடங்கியது. ஆயிரம் ஆயிரமாக மக்கள் ஊரைவிட்டு ஓடினர். மேற்கே போகும் வண்டிகள் நிரம்பி வழிந்தன. அந்த மேற்குப் பாதை எது? 1856இல் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் போட்டார்களே, அரக்கோணம் வழியே செல்லும் அதே பாதைதான். அதன் ஓரத்தில்தான் நாம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

வீரக் கதை தேடுவோர் இங்கே செண்பகராமன் பிள்ளையைக் கொண்டுவந்து கப்பலில் ஏற்றிவிடுவார்கள். மேடைக்கு அது சுவையாக இருக்கும். நாமும் ஒரு காலத்தில் கைதட்டியவர்கள்தாம். ஆனால் அவர் அந்தக் கப்பலில் இருந்தார் என்பதற்குச் சான்று கிடையாது. ஐரோப்பாவிலே இருந்துகொண்டு ஆங்கிலேயரை எதிர்த்துப் பாடுபட்ட அந்தத் தீரருக்கு, எம்டனில் இடம் பிடித்துத் தந்துதான் பெருமை சேர்க்க வேண்டுமா?

அதே செப்டம்பர் 22இல், அதே 1914இல், வேறு இரண்டு கடல்களிலும் தீ மூண்டது. காலையில் வடகடலில், ஹாலந்துக் கரைக்கு அப்பால், 'யு 9' என்ற ஒரு சிறு ஜெர்மானிய நீர்மூழ்கி, அபூக்கிர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று ஆங்கிலப் போர்க்கப்பல்களை ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது. மாண்டவர் 1,459 பேர். பசிபிக் கடலின் தாகித்தித் தீவிலே, எம்டன் எந்தப் படையிலிருந்து பிரிந்து வந்ததோ அந்தப் படையின் ஷார்ன்ஹார்ஸ்ட், க்னைசனாவ் என்ற இரு பெருங்கப்பல்கள் பிரெஞ்சுக்காரரின் பாப்பேட்டே நகரைச் சுட்டன. நிலக்கரி பகைவன் கைக்குப் போகக்கூடாதென்று பிரெஞ்சுக்காரர் தாமே கரிக்குவியலைக் கொளுத்தினர். கடைத்தெரு எரிந்தது. ஊர்மக்கள் இருவர் உயிர் துறந்தனர்.

வடகடல், வங்கக் கடல், பசிபிக் கடல். ஒரே நாள், ஒரே தேதி. சண்டை பிடித்தவர்கள் ஐரோப்பாக்காரர்கள். சென்னையில் எரிந்தது யார் ஊர்? தாகித்தியில் எரிந்தது யார் கடைத்தெரு?

1914 ஆகஸ்ட் 4இல் இலண்டனிலே போர் அறிவித்தார்கள். இந்தியாவும் போரில் இறங்கியதாக ஆயிற்று. யாரைக் கேட்டார்கள்? 1939 செப்டம்பர் 3இல் வைசிராய் லின்லித்கோ மீண்டும் அறிவித்தார். அப்போது மாகாணங்களில் சட்டசபைகள் இருந்தன, அமைச்சர்கள் இருந்தார்கள், அவர்களையாவது கேட்டார்களா? முதற்போரில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து சென்றனர். 74,000 பேர் திரும்பவில்லை. நம் ஊர்கள் சிலவற்றில் இன்றும் பளிங்குப் பலகை இருக்கிறது: "இந்த ஊரிலிருந்து பெரும்போருக்குச் சென்றவர் இத்தனை பேர், உயிர் நீத்தவர் இத்தனை பேர்" என்று. எண்ணிக்கை இருக்கும். பெயர் இருக்காது.

அந்த எண்ணிக்கைகூட சென்னையில் மாண்டவர்க்கு இல்லை. வடகடலில் இறந்த 1,459 பேர் ஒருவர் விடாமல் எண்ணப்பட்டனர். சென்னையில் எம்டன் குண்டுக்கு ஐந்து பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கூட்டிச் சொல்லும் நூலும் உண்டு, குறைத்துச் சொல்லும் நூலும் உண்டு. உயர்நீதிமன்ற மதிற்சுவரில் குண்டு விழுந்த இடத்தைக் காட்ட ஒரு கல் பதித்திருக்கிறார்கள். சுவர் இடிந்ததற்குக் கல்! ஆள் இறந்ததற்கு அந்தக் கல்லில் ஒரு வரி இல்லை.

திருவாலங்காட்டுக்குத் திரும்புவோம். இந்த ஊருக்குப் புகழ் மூன்று. முதலாவது, கோயிலின் இரத்தின சபை. காளியோடு போட்டி நடனம் ஆடிச் சிவபெருமான் காலைத் தலைக்குமேல் தூக்கி வென்றார் என்கிறது புராணம். அந்தப் போட்டியின் நியாயம் பற்றி நமக்குச் சில ஐயங்கள் உண்டு, அது கிடக்கட்டும். இரண்டாவது, இங்கே கிடைத்த இராசேந்திர சோழனின் செப்பேடுகள். 31 ஏடுகள். பழையனூரைக் கோயிலுக்குக் கொடையாகத் தந்த செய்தியைச் சொல்பவை. கடல் கடந்த படைகொண்டு கடாரம் வென்ற செய்தியையும் சொல்பவை. தமிழன் கலம் செலுத்தியதை எண்ணும்போது நம் தோள் விம்முகிறது, மறைப்பானேன்? ஆனால் எம்டன் சென்னையைச் சுட்ட பிறகு எங்கே போனது தெரியுமா? அக்டோபர் 28இல் பினாங்குத் துறைமுகத்திற்குள் புகுந்து ஒரு ரஷ்யக் கப்பலையும் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது. பினாங்குக்கு எதிர்க்கரைதான் அந்தக் கடாரம், இன்றைய கெடா. சோழன் படை இறங்கிய இரவில் கடாரத்துக் கரையில் ஓடியவர்களும், எம்டன் வந்த இரவில் சென்னைக் கரையில் ஓடியவர்களும் ஒரே மாதிரிதான் ஓடியிருப்பார்கள். நம் செப்பேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை.

மூன்றாவது புகழ், பழையனூர் எழுபதின்மர். நீலி என்பவள் கைக்குழந்தையோடு வந்து, ஒரு வணிகனைத் தன் கணவன் என்று வழக்காடினாள். அவன் அஞ்சினான், இவள் பெண்ணல்ல, பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்றான். "அவளோடு போ, உன் உயிருக்கு ஊறு நேர்ந்தால் எங்கள் உயிர் பிணை" என்று வாக்களித்தனர் பழையனூர் வேளாளர் எழுபது பேர். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் தீக்குளித்து வாக்கைக் காத்தனர். பெண்ணைப் பேயாக்கிய கதையின் குற்றத்தை இன்னொரு நாள் பேசுவோம். 'நீலிக்கண்ணீர்' என்ற சொல்லை மொழிக்குத் தந்தது அந்த ஊர். அங்கே எழுபதின்மருக்கு நினைவிடம் எழுப்பி எண்ணிக்கை மாறாமல் காத்து வருகிறார்கள்.

வாக்கு என்றதும் இன்னொரு செப்டம்பர் 22 நினைவுக்கு வருகிறது. ஆண்டு 1940. பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்து மூன்று மாதம். பிரெஞ்சு இந்தோசீனத்தின் அதிகாரிகளும் ஜப்பானியரும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். வடபகுதியான டோங்கினில் ஜப்பான் 6,000 வீரர்களை நிறுத்தலாம், அதற்கு மேல் இல்லை என்று எல்லை வகுத்தனர். கையெழுத்தானது பிற்பகலில். மை உலர்ந்ததோ இல்லையோ, அன்றிரவே சீன எல்லையைத் தாண்டி டோங் டாங்கிலே பாய்ந்தது ஜப்பானியப் படை! பழையனூரில் ஓர் இரவுக்குத் தந்த வாக்குக்காக எழுபது பேர் செத்தார்கள். இங்கே ஒரு வாக்கு ஓர் இரவுகூட நிற்கவில்லை. தீக்குளித்த தூதர் எவரும் இல்லை.

இந்தோசீனம் எங்கோ தூரத்தில் என்று எண்ண வேண்டாம். 1941 சூலையில் அதன் தென்பகுதியும் ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்த விமானத் தளங்களிலிருந்து பறந்து வந்துதான், டிசம்பரில் ஆங்கிலேயரின் இரு பெரும் போர்க்கப்பல்களை மலாயாக் கடலில் மூழ்கடித்தனர். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டு வாங்கின. சென்னை மறுபடியும் காலியாயிற்று. அரசு அலுவலகங்களே ஊரைவிட்டு நகர்ந்தன. மிருகக்காட்சிச் சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். 1914இல் எந்தத் தண்டவாளத்தில் ஓடினார்களோ, அதே தண்டவாளத்தில் 1942இலும் ஓடினார்கள்.

ஓட முடியாதவர்கள் மலாயாவில் இருந்தார்கள். ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போட ஜப்பானியர் அவர்களை வாரிக்கொண்டு போனார்கள். சம்பளம் உண்டு, சோறு உண்டு, சில மாதத்தில் திரும்பலாம் என்று சொன்னார்கள். அதுவும் ஒரு வாக்கு! காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் பல்லாயிரம் பேர் காட்டிலே செத்தார்கள். பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கே இறந்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள்; பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் உண்டு. தமிழனுக்கு? எண்பதாண்டுக் காலம் ஒன்றும் இல்லை. 2023இல்தான் மலேசியத் தமிழர்களின் முயற்சியால் அங்கே ஒரு நடுகல் எழுந்தது. சங்க காலத்தில் ஆநிரை மீட்டு மாண்டவனுக்கு நாம் நட்ட அதே கல்!

கடைக்காரப் பெரியவரிடம் கப்பல் கதையைச் சொன்னோம். அவர் கேட்டது ஒரே கேள்வி. "அந்த ராத்திரி செத்தவங்க யாரு சார்?"

அந்தக் கேள்வியைத்தான் இந்தப் பத்தியில் அரசின் முன் வைக்கிறோம். ஆவணக் காப்பகத்தில் 1914ஆம் ஆண்டின் அரசுக் கோப்புகள் இருக்கின்றன. துறைமுகத்துக்கும் காவல்துறைக்கும் பழைய பதிவேடுகள் உண்டு. இரண்டு ஆய்வாளர்களை அமர்த்தித் தேடச் சொல்லட்டும். குண்டு பட்டுச் செத்த கப்பல் ஊழியனானாலும் காவலனானாலும் சரி, எந்த நாட்டானானாலும் சரி, கிடைக்கிற பெயர்களைப் பொறிக்கட்டும். காஞ்சனபுரியில் முடிந்தது சென்னையில் முடியாதா?

சென்னை திரும்பிய மறுநாள் உயர்நீதிமன்ற மதிற்சுவர்ப் பக்கம் போய்ப் பார்த்தோம். எம்டன் கல்லை ஒட்டி இரண்டடி உயரத்தில் இன்னொரு கல் நட இடம் தாராளமாக இருக்கிறது.